பருப்பு மடித்த கடைசிப் பக்கங்கள்

நடந்தவை, வரிசைப்படி:

1. கடை நானா ஒரு புத்தகத்தின் அட்டையையும் கடைசிப் பக்கங்களையும் கிழித்துப் பருப்பும் மிளகாயும் மடித்துக் கொடுத்தார்.
2. மிச்சப் புத்தகம் அக்காவின் கைக்கு வந்தது. அவளுக்கு வயது பதினேழு. எனக்குப் பதினொன்று.
3. கிழிந்த பக்கங்களைத் தேடி இரண்டு லயங்கள் ஏறி இறங்கினோம். மூன்று தாள்கள் கிடைத்தன.
4. எட்டு மாதக் குழந்தையாகச் செத்துப்போன பெரியக்காவின் பெயரில், அக்கா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள்.
5. அதற்கான விண்ணப்பத்தை நிரப்பியது நான்.
6. பத்தொன்பது தடவை தொலைபேசியில் பேசினாள்.
7. பத்தொன்பதாவது தடவை என்னிடம் ஒன்று கேட்டாள். நான் கொடுக்கவில்லை.

நம் பழைய வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள்: "மகளுக்குப் பன்னெண்டு வயசாச்சு. மந்திரம் மாயம் உள்ள கதையா ஒண்ணு சொல்லுங்கடி. ஒரே புத்தகத்துல முடிஞ்சிரணும், பாகம் பாகமா வாங்க என்னால ஏலாது. புத்தகத்தப் பத்தின கதையா இருந்தா இன்னும் நல்லம், அவ லைப்ரரியிலதான் கெடக்குறா."

நீங்கள் ஆளுக்கொன்று சொன்னீர்கள். அதில் பாதி ஏழெட்டுப் பாகம் போகிறவை. அவள் கேட்டது ஒன்று. எனக்கு அப்படி ஒன்று தெரியும். மூன்று நாட்களாகத் தட்டச்சு செய்து அழித்துக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தகத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துச் சொல்ல எனக்கு வரவில்லை. ஆகவே முழுவதையும் எழுதிவிடுகிறேன். நீங்களெல்லாம் அக்காவைப் பார்த்தவர்கள். நான் சாப்பாட்டுப் பெட்டியை வீட்டில் மறந்து வைத்துவிட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலைக்கு வந்தால் மழையில் நனைந்துகொண்டு கொண்டுவந்து தருவாளே, அவள்தான். "வெளிநாட்டில் இருக்கிறாள்" என்று நான் சொன்னதோடு நீங்கள் கேட்பதை நிறுத்திக்கொண்டீர்கள்.

முதலில் புத்தகம். அட்டையின் படத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

வேறு ஏதோ மொழியில் எழுதப்பட்டு, இந்தியாவில் தமிழில் அச்சானது. இருநூற்று நாற்பது பக்கங்கள். மலையடிவாரத்தில் மதில் கட்டிய ஓர் ஊர். ஊர் நடுவே ஜன்னல் இல்லாத ஒரு நூலகம். ஊரில் ஒரு பிள்ளை பிறந்தால் அந்த நூலகத்தின் தட்டில் ஒரு புத்தகம் தானாக முளைக்கும். அட்டையில் பிள்ளையின் பெயர் இருக்கும். பிள்ளை வாழ வாழ உள்ளே பக்கங்கள் தாமே எழுதிக்கொள்ளும். ஊரைவிட்டு வெளியே போகிறவர்கள் தங்கள் புத்தகத்தை வாசலில் காட்ட வேண்டும். காவலன் அட்டையை மட்டும் வாசிப்பான். உள்ளே திறந்து பார்க்க மாட்டான்.

கதாநாயகி அந்த நூலகத்தில் தூசி தட்டுகிறவள். அவளுடைய தம்பி வேறொருவனின் அட்டையைத் தன் புத்தகத்துக்கு மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விடுகிறான். அதன் பிறகு அவனைத் தேட முடியாது. அந்த ஊரில் தேடுவது என்றால் அட்டையைத் தேடுவதுதான். அவன் திரும்பி வர ஒரு வழி மட்டும் உண்டு. அவனை அறிந்த ஒருவர் அவனுடைய சொந்தப் பெயரை அவன் காதில் விழும்படி சொல்ல வேண்டும். சொன்னால் பொய் அட்டை கழன்று விழும். இது பக்கம் 167. எனக்கு மனப்பாடம்.

நல்ல புத்தகம். கதாநாயகிக்குப் பிறவியிலேயே வந்த சக்தி என்று எதுவும் இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதுதான். அதனால்தான் எனக்கு அவளைப் பிடித்தது. எழுத்து பொடியாக இருக்கும், பெயர்கள் வாயில் நுழையாது. ஒன்பதாம் அத்தியாயத்தில் ஈரமான புத்தகங்கள் முனகுகிற இடம் பயமாக இருக்கும். பன்னிரண்டு வயதுக்குத் தாங்கும்.

இனி, அது எங்களுக்கு எப்படி வந்தது என்பது.

மஸ்கெலியாவிலிருந்து வருகிற பஸ் திரும்புகிற சந்தியில் இருந்தது கடை நானாவின் பலசரக்குக் கடை. பழைய பத்திரிகை கிடைக்காத மாதங்களில் பொட்டலம் மடிக்க ஹட்டனிலிருந்து எடைக்கு வாங்கிய பழைய புத்தகங்களை வைத்திருப்பார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் புத்தகத்தைக் குத்தித் தொங்கவிட்டிருப்பார். பின்னாலிருந்து ஒவ்வொரு தாளாகக் கிழித்து, விரலால் சுருட்டிக் கூம்பாக்கி, சாமானைக் கொட்டி, வாயை மடித்துவிடுவார். ஒரு சனிக்கிழமை அம்மா வாங்கி வந்த சீனிப் பொட்டலத்தை அக்கா பிரித்தாள். சீனியை டின்னில் கொட்டிவிட்டுத் தாளை வாசித்தாள். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் சந்திக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

"நானா, இந்தப் புத்தகத்தக் கிழிக்காதீங்க."

"ஏன் மகள், இஸ்கூல் புத்தகமா?"

"இல்ல. கதை."

"கதைன்டா நல்லம்தானே, தாள் மெல்லிசு." அவர் ஆணியிலிருந்து கழற்றிப் பார்த்தார். "ஏற்கெனவே கொஞ்சம் போயிட்டு. மிச்சத்த வெச்சு என்ன செய்யப் போறீங்க?"

"வாசிக்க."

"முடிவு இல்லாத கதைய?"

கொடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக எங்கள் வீட்டிலிருந்த பழைய பஞ்சாங்கங்களையும் என்னுடைய நாலாம் ஆண்டுக் கொப்பிகளையும் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தோம். இதனால் என்னுடைய கணிதம் கொஞ்ச நாள் தோட்டம் முழுக்கக் கடலை சுற்றியது.

சீனி சுற்றிய தாளையும் சேர்த்து, புத்தகம் பக்கம் 202-இல் நின்றது. தம்பியின் குரலை அவள் ஒரு சந்தையில் கேட்கிறாள், திரும்புகிறாள். அதோடு நின்றது.

அக்காவின் யோசனை, அந்த வாரம் நானாவின் கடையில் சாமான் வாங்கியவர்களின் வீட்டிலெல்லாம் தாளைத் தேடுவது. யார் யார் போனார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல நான் பட்டியல் எழுதினேன். அதுதான் நான் எழுதிய முதல் பட்டியல் என்று நினைக்கிறேன். வீட்டின் காம்பரா எண், வாங்கிய சாமான், தாள் இருக்கிறதா இல்லையா என்று மூன்று நிரல்கள். மேட்டு லயத்து வரிசையில் பன்னிரண்டு வீடு, கீழ் லயத்து வரிசையில் பத்து.

மூன்றாம் காம்பரா அத்தை அடுப்படியில் நின்றபடி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "என்னாங்கடி இது, பருப்பு ஆக்கித் தின்னு முடிஞ்ச பொறவு தாளுக்கு வந்து நிக்கிறீங்க?"

"அதுல கதை இருக்கு அத்தை."

"கதையா? நான் அதுல பருப்புத்தான் பாத்தேன். அடுப்பு மூட்டியாச்சு போ. ஒங்க கதையிலதான் இன்னிக்கு எங்க வீட்ல ரொட்டி வெந்துச்சு."

மூன்று தாள்கள் கிடைத்தன. ஒன்று காய்ந்த மிளகாய் சுற்றியது. அதை வாசித்த இரண்டு பேருக்கும் தும்மல் நிற்கவில்லை. ஒன்று கருவாடு சுற்றியது, ஒரு மூலையைப் பூனை நக்கியிருந்தது. மூன்றாவது ஒரு வீட்டில் சாமிப்படத்துக்குப் பின்னால் ஓட்டையை அடைக்க வைத்திருந்த தாள். அந்த வீட்டு அண்ணன் எங்களுக்காகக் கிழியாமல் உரித்துத் தந்தார். அக்கா மூன்றையும் சோற்றுப் பருக்கையால் ஒட்டினாள். கதை இப்போது 208 வரைக்கும் போனது. சந்தையில் அவள் கேட்டது தம்பியின் குரல்தான். ஆனால் அவனுக்கு அவளைத் தெரியவில்லை.

அதற்கு மேல் இல்லை.

"ரெண்டாம் பாகம் இருக்கும்டி," என்றாள் அக்கா. "இப்புடி ஒரு எடத்துல போயி எவனாவது நிப்பாட்டுவானா?"

பீலியில் தண்ணீர் பிடிக்கப் போகும்போது புத்தகத்தைப் பாவாடைக்குள் சொருகிக்கொண்டு போவாள். மூங்கில் குழாயிலிருந்து நூல் மாதிரித்தான் தண்ணீர் வரும். ஒரு வாளி நிறைய நாலு பக்கம் பிடிக்கும். எங்கள் வீட்டுக்கு ஐந்து வாளி. அந்த மாதம் முழுக்க மழைக்கால மூட்டம். கீழே நீர்த்தேக்கம் இருக்கிற இடமே தெரியாது. தொழிற்சாலையில் கொழுந்து வதங்குகிற வாசனையும் ஈரத்தாளின் மிளகாய் நெடியும் ஒன்றாக வரும். அக்கா கொழும்புப் பேச்சில் காவலனாகவும், கங்காணி மாதிரித் தொண்டையைச் செருமி நூலகராகவும் வாசிப்பாள். அவளுக்குக் கணக்கு வராது, சாதாரணதரப் பரீட்சையில் அதில்தான் விழுந்தாள். வாசிப்பு வரும்.

பரீட்சை முடிவு வந்த அடுத்த வாரமே கங்காணி அம்மாவிடம் கேட்டுவிட்டார். "புள்ளய எப்ப பெரட்டுக்கு அனுப்புறே?" காலையில் கொழுந்து பறிக்க ஆள் கூட்டி, பெயர் கூப்பிடுகிற இடம்தான் பெரட்டுக்களம். அம்மா பதினான்கு வயதிலிருந்து அங்கே நின்றவர்.

அக்கா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். "கூடையத் தலையில மாட்ட மாட்டேன்."

இப்படித்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் வந்தார். டவுனில் மாடியில் ஓர் அறை வைத்திருந்தவர். மெதுவாகப் பேசுகிற, நல்ல சப்பாத்துப் போட்ட மனிதர். அவரைக் கெட்டவர் என்று எழுத நான் பல தடவை முயன்றிருக்கிறேன், சரியாக வரவில்லை. எங்கள் வீட்டில் வெறுந்தேத்தண்ணீர் குடித்துவிட்டு, "வயசுதாம்மா பிரச்சின. வீட்டு வேலைக்கு இந்த வயசு பத்தாது. வேற யாருடைய பிறப்புச் சான்றிதழும் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. தோட்டத்தில் பிறப்புகளைப் பதிவது எளிது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே காகிதத்தை அனுப்பிவிடுவார்கள். சாவு அப்படியல்ல. பெரியக்கா அக்காவுக்கு ஆறு வருடம் முந்திப் பிறந்தவள். எட்டு மாதத்தில், பாதை உடைந்த ஒரு மழை வாரத்தில், காய்ச்சலில் வீட்டிலேயே செத்துப்போனாள். அப்பா ஐந்தாம் நம்பர் மலைக்கு மேலே குழி வெட்டிப் புதைத்தார். டவுனுக்குப் போய்ச் சாவைப் பதிய யாருக்கும் தோன்றவில்லை. புதைத்தாகிவிட்டது, பிறகு எதற்குக் காகிதம்? தோட்டத்தில் அப்படி விட்டது எங்கள் வீடு மட்டும் இல்லை. பிறந்த காகிதம் மட்டும் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அதன்படி பெரியக்காவுக்கு இருபத்துமூன்று வயது நடந்துகொண்டிருந்தது.

அப்பா வாசல்படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மாதான் எழுந்து பெட்டியைத் திறந்தார்.

"அவ ஒண்ணும் குடுக்காமப் போயிட்டா," என்றார் அம்மா. "இதையாவது தங்கச்சிக்குக் குடுக்கட்டும்."

இருபது வருடமாக இந்த வாக்கியத்தோடு இருக்கிறேன். அம்மா அதைக் கொடூரமாகச் சொல்லவில்லை. பெரியவளின் சட்டையை இளையவளுக்குப் போட்டுவிடுகிற மாதிரிச் சொன்னார்.

ஏஜென்ட் இரண்டு விண்ணப்பங்கள் கொண்டுவந்திருந்தார். முதலாவதை அக்கா எழுதினாள். பெயர் என்ற இடத்தில் பழக்க தோஷத்தில் தன் பெயரையே எழுதிவிட்டாள். அது வீண். மிச்சம் ஒன்றுதான். "தங்கச்சி எழுதட்டும், அவ எழுத்து நெதானமா இருக்கும்," என்றாள் அக்கா.

நான் அடிமட்டம் வைத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் அதன் கட்டத்துக்குள் இருந்தது. செத்தவளின் பெயர். செத்தவளின் பிறந்த நாள். உயரம், அக்காவை வாசல் நிலையில் நிறுத்தி அளந்தது. திருமணமாகாதவர். மதம். விலாசம்.

"அச்சடிச்ச மாதிரி இருக்கே," என்றார் ஏஜென்ட். "இந்தப் புள்ளயப் படிக்க வைங்க."

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். காது சுட்டது.

பிறகு அவர் ஐந்து விதிகள் சொன்னார். நான் கொப்பித்தாளில் எண் போட்டு எழுதி, டிரங்குப் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டினேன். மூன்றாவது: கடிதத்திலோ தொலைபேசியிலோ சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. ஒட்டுக் கேட்பார்கள், பிடித்துச் சிறையில் போடுவார்கள்.

புறப்பட ஆறு வாரங்கள் இருந்தன. பீலியடியில் கதைக்குப் பதிலாகப் பரீட்சை நடந்தது. நான் அதிகாரி.

"பேரு?"

சொல்வாள்.

"வயசு?"

"இருவத்திமூணு."

"கூடப் பொறந்தவங்க?"

"ரெண்டு தங்கச்சி. ஒருத்தி வீட்டோட இருக்கா. இன்னொருத்தி கேள்வி கேட்டே உசுர எடுக்குறா."

"ஒழுங்காச் சொல்லு."

"ஒழுங்காத்தான் சொல்றேன். இந்தக் கணக்குல பாத்தா நான்தான் எனக்கு அக்கா. என்னைய நானே அடிக்கலாம்."

பின்னாலிருந்து திடீரென்று அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் திரும்பினாள். திரும்பினால் ஒரு குட்டு. ஐந்தாம் வாரம் திரும்பவில்லை. நான் கைதட்டினேன். நன்றாகப் பயிற்றுவித்தேன். நான் செய்கிற எதையும் நன்றாகத்தான் செய்வேன்.

ஒரு நாள் நிறைந்த வாளியைத் தூக்கும்போது சொன்னாள். "கதையில தம்பி போனான்ல, அதே மாதிரித்தான் இல்ல?"

"அவனக் காணோம்னு தேடுறாங்களே அக்கா."

"தேடுனா கெடச்சிருவான். கடைசிப் பக்கம் நம்மகிட்ட இல்ல, அவ்வளவுதான்."

போகிற அன்று காலையில் புத்தகத்தை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். சோற்றுப் பருக்கை ஒட்டிய மூன்று தாளும் அதோடு போயின. "ரெண்டாம் பாகத்த அங்க எங்கயாவது தேடி வாங்கியாரேன். அதுவரைக்கும் நீ முடிவ யோசிச்சு வையி," என்றாள். அந்த ஊரில் தமிழ்ப் புத்தகம் எங்கே விற்பார்கள் என்று கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

தொலைபேசி கடை நானாவின் கடையில் இருந்தது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேசுவாள். அப்பா, அம்மா, நான் என்று வரிசையாக நிற்போம். மண்ணெண்ணெயும் மாசிக் கருவாடும் மணக்கிற மூலையில், அரிசி மூட்டைக்கு மேலே தொலைபேசி இருக்கும். நானா மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதாவது அடுக்கிக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் நான்கு பிள்ளைகள், மாடி இரண்டு, வெளியே விடுவதில்லை, சாப்பாடு பரவாயில்லை. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு அழைப்பையும் நான் கொப்பியில் குறித்து வைத்தேன். பன்னிரண்டாவது அழைப்பிலிருந்து அவள் "நான் தான்" என்று சொல்வது நின்றது. செத்தவளின் பெயரைச் சொல்லி, "பேசுறேன்" என்று தொடங்கினாள்.

பத்தொன்பதாவது அழைப்பு. அம்மா பேசி முடித்து என்னிடம் தந்தார்.

"சாப்டியா?"

"ம்."

"என்னா கறி?"

"கெழங்கு."

"எப்பப் பாரு கெழங்கு." சிரித்தாள். பிறகு சத்தம் குறைந்தது. "ஒண்ணு கேக்கவா? என் பேரச் சொல்லு."

விண்ணப்பத்தில் எழுதிய பெயரைச் சொன்னேன்.

"அது இல்லடி."

"அதான் ஒன் பேரு."

"பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"நானா மட்டுந்தான்."

"அப்பச் சொல்லேன். ஒரு தடவ. இங்க யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க."

"மூணாவது விதி இருக்கே அக்கா."

அந்தப் பக்கத்தில் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. "சரி," என்றாள். "நீ சொன்னா சொன்னதுதான். நல்லாப் படிச்சுக்க."

கட்டாகிவிட்டது.

"இரிங்க மகள், திரும்ப எடுப்பாங்க," என்றார் நானா. ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். கடைசி பஸ் போகும்வரை உட்கார்ந்திருந்தோம். அடுத்த மாதமும் போனோம். அதற்கு அடுத்த மாதமும். ஒரு கட்டத்தில் நாங்கள் வருவதைப் பார்த்ததும் நானா உள்ளே போய்விடுவார். ஒவ்வொரு தடவையும் "இல்லை" என்று சொல்ல அவருக்கு ஏலவில்லை.

பக்கம் 167 எனக்கு மனப்பாடம் என்று சொன்னேன். அன்றைக்கும் மனப்பாடம்தான். அவள் அதை நினைத்துக் கேட்டாளா, சும்மா கேட்டாளா என்பது எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் நான் செய்தது ஒன்றுதான். அவளுடைய பெயரில் ஐந்து எழுத்துகள். சொல்ல ஒரு வினாடி ஆகாது.

அப்பா இரண்டு வருடம் முறைப்பாடு செய்ய விடவில்லை. "நாம போயி வாயத் தொறந்தா அவளத்தான் அங்க புடிச்சு உள்ள போடுவான். கொஞ்சம் பொறு, அவளே பேசுவா." அவர் பயந்தது தனக்காக அல்ல. ஏஜென்ட்டின் அறைக்கு அவர் மட்டும் யாரிடமும் சொல்லாமல் நான்கு தடவை போயிருக்கிறார். நான்காவது தடவை அங்கே கைக்கடிகாரம் திருத்துகிற ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அம்மாவும் நானும் ஓர் அரசாங்கக் கந்தோருக்குப் போனோம். எனக்கு அப்போது பதினைந்து வயது. சிங்களத்தில் பேசியதும் மனு எழுதியதும் நான்தான். அதிகாரி இரண்டு பிறப்புச் சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பொறுமையான மனிதர். காணாமல் போனது இருபத்தேழு வயதுக்காரியா, இருபத்தொரு வயதுக்காரியா என்று கேட்டார். நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"ரெண்டும் என் புள்ளதானுங்களே," என்றார் அம்மா.

நான் அதை மொழிபெயர்த்தேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். இருபத்தொரு வயதுக்காரி நாட்டைவிட்டுப் போனதாகப் பதிவு இல்லை, ஆகவே அவளைத் தேட முடியாது என்றார். மற்றவளைப் பற்றி எழுதிக் கேட்கலாம். ஆனால் அதற்கு முதலில் காகிதங்களைச் சரிசெய்து கொண்டுவர வேண்டும். மனுவைத் திருப்பித் தந்தார்.

காகிதங்களைச் சரிசெய்வது என்றால் பெரியக்காவின் சாவைப் பதிவது. பதிந்தால், கடவுச்சீட்டில் இருக்கிறவள் குழந்தையிலேயே செத்தவள். செத்தவளை எந்த நாட்டில் தேடச் சொல்வது? பதியாவிட்டால், அக்கா எங்கேயும் போகவில்லை. மஸ்கெலியா பஸ்ஸில் வரும்போது இதை அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா இறங்கும்போது சொன்னார். "அப்ப ஒருத்திய நானே கொன்னாத்தான் இன்னொருத்தியத் தேடுவாங்களா? அதுவும் தேடுவாங்கன்னு சொல்லலையே."

பதியவில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். கொழும்பில் ஒரு கம்பனியில், ஒரே ஆளுக்கு இரண்டு பதிவுகள் விழுந்திருந்தால் கண்டுபிடித்து ஒன்றாக்குவதுதான் வேலை. பெயர், பிறந்த நாள், விலாசம் இவற்றை ஒப்பிட்டு ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் சேர்ப்பேன். இரண்டு ஆளுக்கு ஒரே பதிவு விழுந்தால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. அக்காவின் முகத்தைத் தேடி வெளிநாட்டில் வேலை செய்கிற பெண்களின் பக்கங்களையெல்லாம் பார்த்திருக்கிறேன். இந்தக் குழுவிலேயே அங்கே இருக்கிற இரண்டு பேரிடம் வேறு காரணம் சொல்லி விசாரித்திருக்கிறேன். மன்னியுங்கள்.

முழுப் புத்தகம் மூன்று வருடத்துக்கு முன்பு கொழும்பில் ஒரு நடைபாதைக் கடையில் கிடைத்தது. அட்டையை எனக்குத் தெரியாது, நாங்கள் பார்த்ததே இல்லையே. கையில் எடுத்து நடுவில் திறந்த பிறகுதான் தெரிந்தது. அங்கேயே நின்று 209-இலிருந்து வாசித்தேன். கடைக்காரர் இரண்டு தடவை நகரச் சொன்னார். மிச்சம் முப்பத்திரண்டு பக்கங்கள்தான். எங்கள் லயத்தில் ரொட்டி வெந்தது அவற்றில்தான்.

முடிவைச் சொல்ல மாட்டேன். உன் மகள் வாசிக்கட்டும். இவ்வளவு சொல்லலாம்: அது முடிகிறது. கடைசிப் பக்கத்தில் 'முற்றும்' என்று இருக்கிறது. விசாரித்துப் பார்த்தேன், எழுதியவர் தொடர்ச்சி எழுதவில்லை. இரண்டாம் பாகம் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. அந்தத் தாள்களை யாரும் எரிக்காமல் இருந்து, நாங்கள் அன்றைக்கே வாசித்திருந்தால் அக்கா போகாமல் இருந்திருப்பாளா என்று பல தடவை யோசித்தேன். போயிருப்பாள். கூடை அங்கேயேதான் இருந்தது.

பெரட்டுக்களத்து மூட்டத்தில் அம்மா இப்போது நிற்பதில்லை, பென்சனுக்கு வந்துவிட்டார். அப்பா போன வருடத்துக்கு முந்திய வருடம் போனார். அவருடைய சாவை மறுநாளே போய்ப் பதிந்தேன். கிராம சேவகரான ஜீ.எஸ். மாத்தயா வருடா வருடம் வாக்காளர் பட்டியலோடு வருவார். அக்காவின் பெயரை வாசித்து இருக்கிறாளா என்று கேட்பார். அம்மா இருக்கிறாள் என்பார். தேர்தல் வந்தால் அவள் பெயருக்கு அட்டை வரும். அம்மா அதை டிரங்குப் பெட்டியில் வைப்பார். மூடியின் உட்பக்கத்தில் என் ஐந்து விதிகள் இன்னும் ஒட்டியிருக்கின்றன. எழுத்து நிதானமாகத்தான் இருக்கிறது.

இப்போது உள்ளபடி:

புத்தகம் ஒரே பாகம். முழுப் பிரதி என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஹட்டன் பஸ்ஸில் அனுப்புகிறேன், மகளை வந்து எடுக்கச் சொல். திருப்பித் தர வேண்டியதில்லை.

காகிதங்களின்படி, எட்டு மாதத்தில் புதைத்த பெரியக்கா வெளிநாட்டில் வேலை செய்கிறாள், வயது நாற்பத்துமூன்று. அக்கா மேட்டு லயத்து ஐந்தாம் காம்பராவில் அம்மாவோடு இருக்கிறாள், வயது முப்பத்தேழு. எங்கள் வீட்டிலிருந்து யாரும் காணாமல் போகவில்லை.